வேகம் குறைவதற்குப் பதினேழு காரணங்கள்

காரணக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. தாலி கட்டி முடிந்த பிறகு கலியாண மண்டபத்துக்குள் நுழைந்து, நோர்த் சேர்குலர் வீதியில் எந்தச் சந்தியில் எத்தனை நிமிடம் நின்றேன் என்று சாப்பாட்டு வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றபடி விளக்குகிறாரே, அவர்தான். அவரிடம் தவறு என்று ஒன்று நடப்பதில்லை. நடப்பவை எல்லாம் விளைவுகள். ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்கு ஒரு பெயரும் உண்டு, அந்தப் பெயர் மட்டும் ஒருபோதும் அவருடைய பெயராக இருக்காது.

இந்த இனத்தில் பிரிவுகள் பல. சோறு குழைந்தால் அரிசியைத் திட்டும் பிரிவு, சுருதி விலகினால் குளிரைத் திட்டும் பிரிவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் முற்றிய பிரிவு, தன் துவக்குக்கு வேண்டிய ரவைகளைத் தானே வீட்டில் செய்துகொள்ளும் பிரிவு. வால்தம்ஸ்டோவில் இருக்கும் சச்சிதானந்தன் அதன் அசல் மாதிரி.

துவக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பொலிஸ் கொடுத்த அனுமதிப் பத்திரம், சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரி எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொண்டு, கடதாசி ஒட்டிய பலகையை மட்டுமே சுடுகிற சாது அவர். சுவிஸில் இருபது வருடம் இருந்து பிரஜாவுரிமை எடுத்த காலத்தில் அந்த ஊர்க்காரரோடு சேர்ந்து பழகியது, லண்டனுக்கும் கூடவே வந்துவிட்டது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிதர், அதே சத்தத்தைக் கேட்க ஒரு மணித்தியாலம் கார் ஓடிப் போவது ஏன் என்று மைத்துனர் யோகராஜா ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதிலாகச் சச்சிதானந்தன், சத்தத்துக்கும், குழலை விட்டுப் பாயும் சன்னத்தின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை நாற்பது நிமிடம் விளக்கினார். யோகராஜா அதற்குப் பிறகு எதுவும் கேட்பதில்லை.

வேலை இதுதான். சுட்டு முடித்த பித்தளைக் கோதைக் கழுவி எடுத்து, அடியில் பொறி தட்டும் சின்ன மூடியைப் புதிதாக வைத்து, வெடிமருந்தை நிறுத்து உள்ளே இட்டு, வாயில் சன்னத்தைப் பொருத்த வேண்டும். இப்படிச் செய்த ஒவ்வொரு ரவையும் குழலின் வாயை ஒரே வேகத்தில் விட்டுப் புறப்பட வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும், அறுநூறு யார் தூரத்தில், அரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் நிற்கும் பலகைக்குப் போய்ச் சேர்வதற்குள் சன்னம் கீழே இறங்கிவிடும். இது உண்மை. காரணக்காரரோடு உள்ள பெரிய தொல்லையே இதுதான்: அவர் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மையாக இருக்கும்.

மருந்தின் நிறை, அந்த மருந்து எந்தத் தொகுதியில் வந்தது, கோதின் உள்ளளவு, கோதின் கழுத்து சன்னத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, சன்னம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, குழலின் நீளம், குழலின் சூடு, குழலுக்குள் படிந்த கரி, அன்றைய குளிர், கோதுக்குள் மருந்து முன்னுக்குச் சரிந்து கிடந்ததா பின்னுக்குக் கிடந்ததா என்று போய்ப் பதினேழில் நிற்கும். பதினேழையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ரவை செய்யும் நாளில் வீட்டில் புட்டு அவிக்கத் தடை. ஆவி பட்டால் மருந்தில் ஈரம் ஏறுமாம். அவருடைய மனைவி குமுதினி அந்த நாட்களில் பாணும் ஜாமும் சாப்பிட்டார்.

இவ்வளவும் நடந்தது மாடியில் உள்ள சின்ன அறையில். குமுதினிக்குத் தேவைப்பட்டதும் அதே அறைதான். அவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர். ஆங்கிலம் வராத தமிழர் டொக்டரிடமும் வக்கீலிடமும் பேசும்போது நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சொல்பவர். வேறு யார் காதிலும் அது விழக் கூடாது என்பது வேலையின் சட்டம். கதவு பூட்டுகிற இடம் வேறு இல்லாததால், இரண்டு வருடமாக அவருடைய அலுவலகம் வாசலில் நிற்கும் காரின் பின்சீற். மார்கழிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மூலவியாதியை அவர் அங்கே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பார். மாடியில், ஹீற்றர் போட்ட அறையில், வெடிமருந்து வசதியாக இருக்கும்.

இந்த வருடம் மாசி மாதம் குமுதினி வாயைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, ஆறு வருசமா உங்கடை கிளப்பிலை நீங்கள் ரிசேர்வ். இந்த முறை உங்களை ரீமுக்கை எடுத்தினமெண்டால் அறை உங்களுக்கு. எடுக்கேல்லையெண்டால் எனக்கு. பிறகு நான் ஒரு விளக்கமும் கேக்கமாட்டன்."

சச்சிதானந்தன் உடனே சம்மதித்தார். கிளப்பின் அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது, நாலாவது இடத்துக்கு அவரும் டொலறஸும் மட்டுமே போட்டி. டொலறஸ் பிளேஸ்டோவில் இருக்கும் பிள்ளைப்பேற்றுத் தாதி. கடையில் பெட்டியாக ரவை வாங்கி வந்து சுடுகிறவர். அவருடைய ரவையின் வேகம் எவ்வளவு என்று சச்சிதானந்தன் ஒருநாள் விசாரித்தபோது, "தெரியாது அண்ணை. போகுது" என்றார். அன்றிலிருந்து டொலறஸுக்காக அவர் உண்மையாகவே இரக்கப்பட்டு வந்தார்.

மூன்று கிழமை ஆயத்தம் நடந்தது. செய்தார், அளந்தார், கலைத்தார், மறுபடி செய்தார். வேகம் அளக்கும் பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து எத்தனையோ ரவைகளைச் சுட்டார். கடைசியில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான அடி போகும் சன்னங்களுக்கிடையே நாலைந்து அடி வித்தியாசம்கூட இல்லை. அந்தப் பெட்டியின் முகத்தை அவர் பார்த்த பார்வையைக் குமுதினி தன் கலியாண அல்பத்திலும் தேடிப் பார்த்தார். அதில் இல்லை.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தேர்வு. குமுதினியும் முதல்முறையாக, தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு கூட வந்திருந்தார். சுடுகிறவர்கள் பாயில் குப்புறப் படுத்தார்கள். எதிரே, தூரத்தில், இலக்கம் போட்ட பலகைகள் வரிசையாக நின்றன. சச்சிதானந்தனுக்கு ஏழு, பக்கத்தில் படுத்த டொலறஸுக்கு எட்டு. அடி விழுந்தால், பலகைகளுக்கு அடியில் வெட்டிய பள்ளத்தில் நிற்பவர்கள் பலகையைக் கீழே இழுத்து, ஓட்டையில் அடையாளம் குத்தி மேலே விடுவார்கள். விழாவிட்டால் பலகை நின்றபடி நிற்கும்.

முதல் அடி. துவக்கின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, ஏழாம் இலக்கத்தையே பார்த்தார். பலகை அசையவில்லை.

சாதாரண மனிதர் இந்த இடத்தில் தலையை நிமிர்த்தி அக்கம்பக்கம் ஒருமுறை பார்ப்பார். சச்சிதானந்தன் யோசித்தார். குளிர். குளிரில் மருந்து மெதுவாக எரியும், வேகம் குறையும், சன்னம் பலகைக்குக் கீழே மண்ணில் புதைந்திருக்கும். தொலைநோக்கியைத் திருகிக் குறியை உயர்த்தினார். பலகையின் நடுவில் ஏதோ அடையாளம் தெரிந்தது; முந்திச் சுட்ட யாருடையதோ என்று விட்டார். இரண்டாவது அடி. அசையவில்லை. குழல் இன்னும் சூடேறவில்லை, சரிதானே? உயர்த்தினார். மூன்றாவது. கோதுக்குள் மருந்து சரிந்திருக்கும். உயர்த்தினார். ஐந்தாவது அடி முடியும்போது பதினேழில் பதினொரு காரணம் செலவாகிவிட்டது. மிச்சம் ஆறு கையில் இருந்ததால் அவர் கலங்கவில்லை.

பக்கத்தில் டொலறஸ் இன்னும் ஒரு ரவைகூடச் சுடாமல், கையை உயர்த்தியபடி கிடந்தார். களப் பொறுப்பாளரான வெள்ளைக்காரர் அவரிடம் வந்து குனிந்து கேட்டுவிட்டு, சச்சிதானந்தனின் தோளைத் தட்டினார். சச்சிதானந்தன் குளிரையும் மருந்தையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, எந்த இலக்கத்தைச் சுடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஏழு என்றார் இவர். தயவுசெய்து ஒருமுறை பாருங்கள் என்றார் அவர்.

பார்த்தார். எட்டு.

"சச்சி அண்ணை," என்றார் டொலறஸ், மெல்லிய குரலில். "உங்கடை முதல் அடி நட்ட நடுவிலை. என்ரை பலகையிலை. பிறகுதான் மேலை மேலை போய்க் காணாமல் போட்டுது."

ஒரு கணம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சச்சிதானந்தனுக்குச் சந்தோசம் பொங்கியது. வேகம் சரி! அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. காது வரை சூடேறியது. திரும்பிப் பார்த்தார். குமுதினி பிளாஸ்க்கோடு நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் சிரிக்கவில்லை.

நாலாவது இடம் டொலறஸுக்குப் போனது. திரும்பி வரும் வழியில், வூட்போர்டு தாண்டும்போது, ஏழாம் பலகையில் வெயில் பட்ட விதத்தைப் பற்றிச் சச்சிதானந்தன் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். வேறு யாருக்கோ சொல்வதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான்தான் மாறிச் சுட்டுட்டன்."

"ஓம்," என்றார் குமுதினி. முப்பது வருடத்தில் அந்த 'நான்' அவர் காதில் விழுந்தது அதுவே முதல்முறை. மற்றவர் பேச்சை வார்த்தை பிசகாமல் மாற்றிச் சொல்லிப் பழகியவர், அந்த ஒரு சொல்லை மனசுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அறையைச் சச்சிதானந்தனே ஒழித்துக் கொடுத்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பலகை இலக்கங்களின் உயரம், நிறம், இடைவெளி ஆகியவற்றில் உள்ள குறைபாடுகள், இரண்டு பக்கம், படத்துடன். ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி கொண்டுபோய் மாடிக் கதவைத் தட்டினார். குமுதினி உள்ளே பூட்டிக்கொண்டு, நிம்மதியாக, யாருடைய மூலவியாதியையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் இப்போது சச்சிதானந்தனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை எழுதியவரும் சிரித்தபடிதான் எழுதினார், ஒன்பது நாள் பிந்தி. பிந்தியதற்கு அவரிடம் நாலு காரணம் இருக்கிறது, நாலும் உண்மை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைத்தான். அதை உங்கள் வீட்டில் இருப்பவரிடம் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். அடுத்ததாக உங்கள் வாயில் 'ஏனென்றால்' என்று வந்துவிட்டால், எதிரே இருப்பவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள்.