மூடியக்கா தோற்ற குழம்பு

காலை பத்து மணி. மரக்காணம் உப்பளத்தில் அந்த நேரத்தில் முதலில் கண்ணில் படுவது ஓர் எவர்சில்வர் மூடி. வெயிலில் பளபளத்துக்கொண்டு வரப்பின் மேல் அது வரும். அதற்குப் பின்னால்தான் மூடியக்கா வருவார்.

இந்தக் கடற்கரையில் மூடியக்காவுக்குத் தெரியாமல் எந்தக் குடும்பமும் சண்டை போட்டதில்லை. உப்புக் கூடை சுமக்கும் அவருக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கிடையாது, மூடி மட்டும்தான். விடியும் முன்பே உப்புப் பாத்தியில் இறங்கியவர்கள் பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், மூடியை நீட்டி ஆளுக்கு ஒரு பிடி வாங்குவார். வாயில் போட்டதும் தீர்ப்பு. "ஏம்பா, மாமியா வந்திருக்குதா? கொழம்புல தேங்கா இருக்குதே" என்பார். மாமியார் வந்திருப்பார். குழம்பில் காரம் தூக்கலாக இருந்த ஒருவரிடம், பெண்டாட்டிக்கு எதையோ வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றினாயா என்று விசாரித்தார். அந்த ஆள் அன்று மாலையே புடவைக் கடைக்குப் போனார்.

லாரிகளுக்கு எடை போடும் குமாஸ்தாவான நானும் தப்பவில்லை. என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரசமில்ல சார், வெந்நி. வூட்டம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றார். போயிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவர் அந்தோணி விஷயத்தில் தோற்றார்.

அந்தோணி பாத்தியில் உப்பு வாருபவர். டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியிருந்தார். காய்ச்சல் போய்விட்டது, இனி நன்றாகச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தோணியோ இரண்டு வாய்க்கு மேல் தாண்டவில்லை. சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவர் மனைவி செல்வியும் உப்பளத்தில்தான் வேலை. காலையில் ஆக்கி, கணவருக்கு ஸ்பூனால் ஊட்டிப் பார்த்துவிட்டு, அதே சோற்றை எடுத்துக்கொண்டு வருவார். "நான் ஆக்கறது அவருக்குப் புடிக்கலக்கா. இப்படியே போனா ஆளு தங்காது" என்று ஒரு நாள் அழுதுவிட்டார்.

மூடியக்கா அவருடைய குழம்பை ருசி பார்த்தார். குறையே இல்லை. அப்படியானால் கோளாறு அந்தோணியின் நாக்கில்தான் என்று வைத்தியத்தில் இறங்கினார். நெத்திலிக் குழம்பு வைக்கச் சொன்னார். பிறகு நண்டு ரசம். இரண்டும் தோற்றன. பாண்டியிலிருந்து பிரியாணி வரவழைத்தார். அந்தோணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மரக்காணத்தில் பிரியாணிக்கு முதுகு காட்டிய முதல் ஆள் அவர்தான்.

கடைசியில் மூடியக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனார். ஆரஞ்சுப் பழத்தோடு நானும் போயிருந்தேன். வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு மூடியை நீட்டினார். அதே செல்வி, அதே குழம்பு. ஒரு வாய் போட்டதும் முகம் மாறியது.

"இன்னாடி இது, உப்பக் காணோம்?"

"எப்பவும் போடறதுதாங்க்கா."

மூடியக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பளத்தில் குடிநீர் குடத்தில் வருவது. அதில் யாரும் கை கழுவ மாட்டார்கள். வாய்க்காலின் உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே சோற்றில் வைப்பார்கள். அதனால் இந்த வீடுகளில் குழம்புக்கு அரை உப்புதான். மீதியைக் கை போட்டுக்கொள்ளும். வீட்டில் உண்ணும்போது தட்டோரம் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்வார்கள். ஸ்பூனால் ஊட்டிய அவசரத்தில் தட்டோரத்தைச் செல்வி மறந்துவிட்டார். உப்பளத்தில் உட்கார்ந்து தின்ற அவருக்கும் மூடியக்காவுக்கும் குழம்பு சரியாகவே இருந்தது.

செல்வி உப்பை அள்ளிப் போட்டு, கையாலேயே பிசைந்து ஊட்டினார். அந்தோணி மென்றார். இன்னொரு வாய் வாங்கினார்.

"காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டேன்டி" என்றார். "பிரியாணிய வெச்சி நான் இன்னா பண்றது? எனக்கு இதான் வேணும்னு இருந்துச்சு."

தட்டு காலியானது. மூடியக்கா பெருமையை மறைக்க, சோறு குழைந்துவிட்டதாகக் குறை சொன்னார்.

திரும்பி வரும்போது, வீட்டில் இன்று என்ன சமையல் என்று அவரைக் கேட்டேன்.

"ஒண்டி ஆளுக்கு எவ சார் அடுப்பு மூட்டறது? டீக்கடை பன்னுதான்."

வழியனுப்பத் தெருமுனைவரை பின்னால் வந்த செல்விக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அந்தோணி இப்போது பழையபடி பாத்தியில் நிற்கிறார். செல்வியின் பையில் தினமும் ஒரு டப்பா கூடுதலாக வருகிறது. வாழையிலை போட்டுக் கட்டியிருக்கும். அதற்கு மூடி கிடையாது.