சவரிமுத்துவை நீக்கவும்

ஒரு கூட்டத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போக எனக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிறு பூசையில் பாதியில் எழுந்தால்கூட பெஞ்சில் இடித்துக்கொண்டு, பாதிரியார் உட்பட எல்லோரையும் என்னைப் பார்க்க வைத்துவிடுவேன். மின்னஞ்சல் குழுவில் மட்டும் ஒழுங்காக விலகிவிடுவேனா?

கணினியில் தப்பாக எழுதினால் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழுமே, அந்தப் பிழைதிருத்திக்குச் சொற்பட்டியல் சேர்க்கும் குழு அது. நாளுக்கு நூறு மடல் வரும். அதில் 'கெடிலன்' என்ற புனைபெயரில் நானும் இருந்தேன். தமிழ்த் தொண்டு வேகத்தில் ஓர் அகராதியிலிருந்து இரண்டாயிரம் சொற்களை அப்படியே தட்டி அனுப்பினேன். (எங்கள் அலுவலகக் கணினிகளில் அந்தப் பிழைதிருத்தியைப் போட்டுக் கொடுத்த மேதையும் நானே.)

மறுவாரம் ஒருவர் எழுதினார்: "'முருங்கைக்கீறை' என்ற அச்சுப்பிழை ஒரே ஓர் அகராதியில்தான் உண்டு. உங்கள் பட்டியலிலும் இருக்கிறது. பதிப்புரிமை பற்றி யோசித்தீர்களா?"

சிதம்பரத்தில் என் வேலை நிரந்தரமாகும் ஆணை வரவேண்டிய மாதம் அது. வழக்கு என்று வந்தால் ஆணை எங்கே வரும்? ஓடிவிட முடிவு செய்து, கடலூர் பஸ்ஸில் நின்றபடியே, பதற்றத்தில் சொந்தப் பெயரைப் போட்டுத் தலைப்பு அடித்தேன்: 'சவரிமுத்துவை நீக்கவும்'. அது நிர்வாகிக்குப் போகவில்லை. குழுவில் அத்தனை பேருக்கும் போனது.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பதில்கள் குவிந்தன.

"ஆமோதிக்கிறேன்."

"சவரிமுத்து தவறுதான். எப்படி உள்ளே வந்தது?"

"கடலூர்ப் பக்கம் நிறைய உண்டு. பாவம், விட்டுவிடலாம்."

"ஒன்றை விட்டால் எல்லாம் வந்துவிடும். நீக்குக!"

உயர்திணையில் பிறந்தவனை ஒரு மணி நேரத்தில் அஃறிணையாக்கிவிட்டார்களே என்று வேர்த்துப் போனேன்.

வீட்டில் என் மனைவி ஜெசிந்தா, "இன்னாங்க மூஞ்சி இப்புடி கெடக்குது?" என்றாள்.

"கேஸு கீஸு ஆச்சின்னா நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடு."

"அது எதுத்த தெருதான? போயி இன்னா பண்றது?"

அதற்குள் குழு நிர்வாகி நஜீர் பாய் துபாயிலிருந்து அழைத்தார். பரங்கிப்பேட்டைக்காரர்.

"கெடிலன் அண்ணே, ஒங்க லிஸ்ட்ட எடுத்துட்டோம். சொல்லுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. ஆனா ஒருத்தர் ஒழச்சித் தொகுத்தத அப்புடியே அள்ளக்கூடாதுல்ல? பதிப்பகத்துக்கும் எழுதிட்டேன். கேஸெல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

உயிர் வந்தது. "அப்ப என்னை நீக்கிட்டீங்களா பாய்? மடல் இன்னும் வருதே?"

"ஒங்களையா? நீங்க சவரிமுத்துவைத்தான நீக்கச் சொன்னீங்க?"

"நான்தான் பாய் சவரிமுத்து!"

பாய் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தலைப்புல 'நீக்கவும்'னு போட்டா அந்தச் சொல்லத் தூக்குறதுதான நம்ம வழக்கம்? ஓட்டு ஜாஸ்தி விழுந்துச்சி. தூக்கிட்டோம்."

மாதக் கடைசியில் நிரந்தர ஆணை வந்தது. என் பெயருக்கு அடியில் சிவப்புக் கோட்டைப் பார்த்த தட்டச்சர், கணினி காட்டிய சொல்லை நம்பி அழுத்தியிருந்தார். 'திரு. சவாரிமுத்து' அன்று முதல் நிரந்தர ஊழியர்.

விலகக் கேட்டு மறுபடி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. மடல்கள் இன்றும் வருகின்றன. தினமும் சிதம்பரம் போய்த் திரும்பி நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஜெசிந்தாவின் தம்பி கடைவீதியே கேட்கும்படி கத்துவான்:

"இன்னா மாமா, சவாரி முடிஞ்சிதா?"