தாய்லாந்து அரிசியும் என் கிராணி வேலையும்

தடையில்லா உலக வணிகத்துக்காக நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் வாதாடியிருக்கிறேன். அன்று அதற்கு நான் செய்த கெடுதலை எந்த நாட்டுச் சுங்க வரியும் செய்திருக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில், பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு, மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலையில்லாமல் இருந்தேன். (நேரம் இருந்ததால் நிறையப் படித்தேன். ஆபத்தே அங்கேதான் ஆரம்பித்தது.) தோட்டத்து இளைஞர் மன்றம் ‘தடையில்லா உலக வணிகம் நமக்கு நல்லதா?’ என்று ஒரு சொற்போர் வைத்தது. நல்லதே என்று பேச என்னைப் பிடித்துப் போட்டார்கள். தலைமை தாங்க வந்தவர் தஞ்சோங் காராங் முத்தையா, லோரி முதலாளி. அவருடைய ஆபீசில் ஒரு கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை, காலியாக இருந்தது.

“நல்லாப் பேசுடா. ஒன்னையே எடுத்துக்குவாரு” என்றார் அப்பா.

அந்த லோரிகளில் என்ன ஏற்றுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மேடையேறி “ஒப்பீட்டு அனுகூலம்” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். சட்டென்று ஓர் உதாரணத்துக்குத் தாவினேன்.

“தஞ்சோங் காராங் அரிசியை ஏன் வாங்கணும்? பாதி கல்லு! தாய்லாந்து அரிசி மல்லிகைப்பூ மாதிரி. வரியைத் தூக்குங்க, அது வரட்டும்!”

மண்டபம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் அப்பா இரண்டு கைகளையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கல்லைப் பற்றிப் பேசினேன்.

முத்தையா மைக்கை வாங்கினார்.

“தம்பி, அந்தக் கல்லை விக்கிறவன் நான்தான்லா. இன்னைக்கு நீங்க சாப்புடப்போற சோறும் என் அரிசிதான். சரி, வெளிநாட்டுச் சரக்கு வந்தா இங்க உள்ளவங்களுக்கு என்னா நன்மை? அதைச் சொல்லுங்க.”

படித்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. மேடையில் நின்று தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன்.

பெண்கள் பக்கமிருந்து என் அக்கா சரசு எழுந்தாள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவள்.

“ஐயா, நாங்க சீவுற பாலை நாங்களா குடிக்கிறோம்? வெளிநாட்டுக்காரன் வாங்குறான், எங்க அடுப்பு எரியுது. நாம கதவைச் சாத்துனா அவனும் சாத்துவான். அப்புறம் இந்தத் தோட்டமே ஏது? நீங்க கல்லைப் பொறுக்கிட்டு வித்தீங்கன்னா எந்த ஊரு அரிசிக்கும் பயப்பட வேணாம்லா.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முத்தையாவே சிரித்துவிட்டார். சாப்பாட்டில் அவளுடைய இலைக்கு எதிரே வந்து நின்று, “ஆபீஸ் வேலைக்கு வர்றியாம்மா?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை, இன்டர்வியூவுக்காக நான் வாங்கி வைத்திருந்த ஃபைலோடு அக்கா தஞ்சோங் காராங் பஸ் ஏறினாள். அவளுடைய பால் சீவும் உளியோடு நான் அவளுடைய மரங்களுக்குப் போனேன். ராவாங்கில் ஒரு தொழிற்சாலை என்மேல் இரக்கப்படும்வரை ஏழு மாதம் சீவினேன். முதல் நாளே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என் மரத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இது சீவுனதா தம்பி, கடிச்சதா?”

இன்றும் வீட்டில் நான் தொண்டையைக் கனைத்து, “இதுல பொருளாதார ரீதியா பார்த்தா...” என்று தொடங்கினால் போதும். என் மனைவி போனைக் கையில் எடுத்துவிடுவாள்.

“இருங்க, சரசு அண்ணியக் கூப்புடுறேன். ரெண்டு வரியில சொல்லிடுவாங்க.”