குதிரை மேல் போட்ட பழி

இட்டாத்தா பள்ளத்தாக்கு,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்குரிய மூத்த சகோதரி க்ளோரிண்டா அவர்களுக்கு, தங்கை எதெல்மிரா பணிவுடன் எழுதிக்கொள்வது. கார்மேன் மாதாவின் கருணையால் தாங்களும் அத்தானும் தல்காவானோவின் கடற்காற்றில் இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை அக்கா. சனிக்கிழமை பஸ்ஸில் உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் மருந்தும் கிடையாது, உரமும் கிடையாது, உழுவதற்கு கனேலோ என்கிற கிழட்டுக் குதிரைதான் என்பது உனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரே இதைச் சோம்பேறித்தனம் என்றது. இப்போது இயற்கை விவசாயம் என்கிறார்கள். டென்மார்க்கிலிருந்து இங்கெர் என்று ஒரு அம்மாள், ஒயின் வாங்கி விற்கிறவள், அதைப் பார்க்கவே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். பிடித்துவிட்டால் இந்த வருஷத்து ஒயின் முழுவதையும் எடுத்துக்கொள்வாளாம். இல்லாவிட்டால் வழக்கம்போலப் பெரிய கம்பெனிக்காரன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

நீயே சொல்லு, கடல் தாண்டி ஒருத்தி வர்றா, வாசல்ல இடுப்பளவு களை நிக்குது. இது பொம்பளை இருக்கிற வீடான்னு நினைக்க மாட்டாளா? என் வீட்டுக்காரர் நோல்பெர்த்தோ அவர் தம்பி வீட்டுக் கூரை மாத்தப் போயிருந்த வாரமாப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்து செகுந்தோவைக் கூப்பிட்டு, வாசலை ஒட்டி ரோட்டோரத்துல இருக்கிற ஒரே ஒரு திராட்சை வரிசைக்கு மட்டும் களைக்கொல்லி அடிக்கச் சொன்னேன். களை இருந்த எடமே தெரியாதுன்னான். நல்லாத் தெரிஞ்சுது அக்கா. மஞ்சக் காமாலை வந்த மாதிரி வரிசை முழுக்க களை செத்து நின்னுச்சு. அன்னிக்குன்னு பார்த்து இவர் அந்தம்மாவையும் டவுன்ல ஏத்திக்கிட்டு வந்து இறங்கறார்.

"இங்க என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், வந்த வார்த்தை இதுதான்: "குதிரை மூத்திரம்ங்க."

"வரிசை முழுக்கவா?"

"வயசான குதிரை. நடந்துக்கிட்டே போகும்."

அந்தம்மா நேரா கனேலோகிட்டப் போய்க் கழுத்தைத் தடவிக் கொடுத்து, பாவம், சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கும்னு வருத்தப்பட்டா. அது ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மரத்தொட்டியிலேர்ந்து ஒயின் மொண்டு குடுத்தோம். கலங்கலா இருக்கே, வடிகட்டித் தரட்டுமான்னு கேட்டேன். ஐயோ வேண்டாம், இது உயிரோட இருக்குன்னு சொல்லிட்டா. இருக்கிறதுலேயே நல்ல கோழியை அடிச்சுக் குழம்பு வெச்சிருந்தேன், அவ மாமிசம் தொட மாட்டாளாம், உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்னா. ஆனா சாப்பாட்டு மேஜையிலேயே, "எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்"னு சொன்னா. நான் மேஜைக்கடியில சிலுவை போட்டுக்கிட்டேன்.

அப்பத்தான் உன் தங்கச்சி புருஷன் கரண்டியைக் கீழே வெச்சார். "அம்மா, குதிரை மேல தப்பில்லை. அதோட இத்தனை வருஷம் நடந்திருக்கேன், அது நின்னுதான் மூத்திரம் போகும். அங்க விஷம் அடிச்சிருக்கு. அடிச்சது என் பொஞ்சாதி."

அவ கிளாஸை வெச்சுட்டா. போகும்போது என் கன்னத்துல முத்தம் குடுத்துட்டுத்தான் போனா. ஒயினைப் பத்தி மட்டும் அப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

"ஒரு சின்னப் பொய்யைத் தாங்க முடியலையா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கையால புடுங்கியிருப்பேனே எதெல்மிரா"ன்னார். அதோட பேச்சு நின்னு போச்சு. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் குதிரைகிட்டச் சொல்றார், எனக்குக் கேக்கற மாதிரி. ஒரு நாளைக்காவது என் வாசல் சுத்தமா இருக்கணும்னு ஆசைப்பட்டேன் அக்கா. அதுக்கு ஒரு வருஷத்து உழைப்பையே காவு குடுத்துட்டேன். இனிமே எந்த முகத்தோட இந்த வீட்டுல அடுப்பு மூட்டறது?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒரு முத்தம். உங்கள் வீட்டில் பொய்யும் உண்மையும் அளவோடு இருக்க மாதா அருள்புரியட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன தங்கை,
எதெல்மிரா

பின்குறிப்பு: நான் வரவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் அவர் மத்தியானப் பஸ் ஏறிவிட்டார், உன் வீட்டுக்குத்தான். நான் துணிமணி எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "உனக்கு முழங்கால் வலி, பஸ்ல எதுக்கு அலையற? நானே போய் இருந்துட்டு வரேன்" என்று சொன்னார். கடிதத்துக்கு முன்னாடியே ஆள் வந்து சேர்ந்திருப்பார். உடனே திருப்பி ஏற்றிவிடு. அங்கே அவருக்குத் தூக்கம் வராது. இங்கே எனக்கும்தான்.