கறுப்பு வெள்ளையில் புஷ்பலதா

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

கரடியூரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஐயாக்கண்ணு அவர்களுக்கு, சந்திரசேகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. நீங்களும், உங்கள் காப்பிச் செடிகளும், உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள். ரிட்டையர் ஆன எனக்குப் பொழுது போகட்டும் என்று மகள் பவித்ரா ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். யூடியூபில் ஒருவர், நிறம் கண்ணை ஏமாற்றும், கறுப்பு வெள்ளையில் எடுங்கள், உங்களுக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பிடித்தது சனி. முதலில் பனிமூட்டம்தான் என் பாணி என்று முடிவு செய்து ஏரிக்கரையிலேயே கிடந்தேன். படங்களைப் பார்த்த உங்கள் தங்கை, "ஏனுங்க, வெள்ளைத் தாளப் போட்டோ புடிக்க ஏரிக்கு எதுக்குங்க போகோணும்?" என்றாள். சரி, நிழல்தான் என் பாணி என்று மாற்றிக்கொண்டேன். அவள் வைத்த சாம்பார் என் படத்தில் கிரீஸ் மாதிரி வந்தது. அந்த வாரம் முழுக்க சாம்பாரே கிடையாது.

கடைசியில் மனித முகம் என்று வந்து நின்றேன். வீட்டில் இருப்பது ஒரே முகம்; கேமராவைத் தூக்கினாலே என்னை முறைக்கும். ஜன்னலோரம் மொச்சை உரித்துக்கொண்டு அவள் அதிசயமாகப் பேசாமல் இருந்த நேரத்தில் எடுத்துவிட்டேன். அருமையான படம் மச்சான்! கலைஞர்கள் படத்துக்குக் கீழே தலைப்பும் பெயரும் தேதியும் போடுவார்கள் என்று யூடியூப்காரர் சொல்லியிருந்தார். நானும் 'அமைதி' என்று தலைப்பு வைத்து, புஷ்பலதா என்று பெயரும் அன்றைய தேதியும் போட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மத்தியானம் படுத்துத் தூங்கிவிட்டேன். கறுப்பு வெள்ளை முகமும் கீழே தேதியும் பார்த்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்தது உங்களுக்கே தெரியும். ஜீப் நிறைய ஆட்களோடு, ரோஜா மாலையும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையுமாக வந்து இறங்கி, "அய்யோ அம்மிணி, போயிட்டியே!" என்று நீங்கள் வாசலில் விழுந்து அழ, போனவளே கதவைத் திறந்து, "யாருங்கண்ணா போயிட்டாங்க?" என்று கேட்டாள். அவளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். சேலையைப் பிரித்துப் பார்த்து, "ஒரு பொங்கலுக்காவது இப்பிடி எடுத்துக் குடுத்தீங்களாண்ணா?" என்று உங்களைத்தான் கேட்டாள், என்னை அல்ல. அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் உங்கள் பாதி முகத்தில் வெயில், மறுபாதியில் கதவு நிழல், நடுவில் கண்ணீர். நான் உள்ளே ஓடிக் கேமராவை எடுத்துவந்து, "மச்சான், அப்படியே இன்னொரு தரம் அழுங்க" என்று சொல்லியிருக்கக் கூடாது. "நான் நெசமாப் போனாலும், வெளிச்சம் பத்துலீன்னு எந்திரிச்சு உக்காரச் சொல்லுவீங்க!" என்று கத்திவிட்டு அவள் உங்கள் ஜீப்பிலேயே ஏறிவிட்டாள். அதையும் நான் படமெடுத்தது பெரிய தப்பு.

இப்போது தனியாக உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தேன். பனியையும் நிழலையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்க்கும்படி இருப்பவை அவள் என்னை முறைத்த படங்கள் மட்டும்தான். என் பாணியே அவள்தான் மச்சான். நீங்கள் மாலையோடு வந்தபோது எனக்கு வராத அழுகை இப்போது வருகிறது. அவள் இல்லாத வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறது. கேமராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். சேர்வராயன் சாமி மேல் ஆணை, இனித் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. காப்பி இந்த வருஷம் நன்றாகக் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
மாலைக்கும் சேலைக்கும் மன்னிப்புக் கேட்கும்
சந்திரசேகர்

பி.கு.: கேமராவை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நல்ல பனி இருக்கும். சிவப்புச் சேலை வேண்டாம், கறுப்பாக விழும்; வெளிர் மஞ்சள் கட்டி வரச் சொல்லுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எப்படியும் என்னை முறைப்பாள். கொஞ்ச நேரம் ஆடாமல் நின்று முறைக்கச் சொல்லுங்கள்.