ஒரே டேபிளில் இரண்டு ஆண்டாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் நின்று "ஆண்டாளு!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வாசலில் தலை தெரியும். இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்த எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

ராஜபாளையத்தில் காதர் பாயின் தையல் கடைக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். (பாய் கேட்கவில்லை, நானாகப் போய் விழுந்தேன்.) எல்லாருடைய அளவும் ஒரே டேபிளில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரே அட்டவணையில், ஆளுக்கு ஒரு வரிசை. எது யாருடைய வரிசை என்று கண்டுபிடிக்க, இன்னொருவருக்கு இல்லாத அடையாளம் ஒன்று வேண்டும். அதுதான் பிரைமரி கீ.

"ஆளுக்கு ஒரு நம்பர் போட்டிருவமா தம்பி?" என்றார் பாய்.

"நம்பர் போட இது என்ன ஜெயிலா பாய்? இனிசியலும் பேரும் போதும்."

அதோடு விட்டேனா? அதே பெயர் மறுபடி வந்தால், பழைய ஆள்தான் பெருத்தோ இளைத்தோ வந்திருக்கிறார். பழைய அளவை அழித்துப் புதியதை எழுது என்றும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தேன். (அறிவு வழிந்தோடிய காலம்.)

அந்தச் சமயத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம். அவள் ஆர். ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாய்த்த மாமியாரும் ஆர். ஆண்டாள். சம்பந்தியம்மாவுக்குச் சேலையும் ஜாக்கெட்டும் பெண் வீட்டு முறை. அதை உடுத்தித்தான் அவர் முகூர்த்தத்தில் நிற்க வேண்டும். காலையில் அந்தச் சம்பந்தி அத்தை பாய் கடைக்கு வந்து அளவு கொடுத்தார். மாலையில் தங்கச்சி கொடுத்தாள். அத்தை ஆலமரம், தங்கச்சி அகத்திக் குச்சி. அத்தை ஒரே பகலில் இளைத்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் முடிவு செய்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் அத்தை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். அது முழங்கையைத் தாண்டவில்லை. அறையிலிருந்து இடி இறங்கியது.

"இது எனக்கா, கொலுபொம்மைக்கா? நான் எம்புட்டு பெருத்திருக்கேன்னு சபையில காட்டுதாகளோ? ஏலே, வண்டிய எடுக்கச் சொல்லு!" என்று மாப்பிள்ளையை விரட்டினார்.

அப்பா அப்படியே நாற்காலியில் சரிந்தார். தங்கச்சி பார்த்த பார்வையில் என் டிப்ளமோ பொசுங்கியது. அத்தையிடம் ஓடினேன்.

"அத்தே, தப்பு என்னோடது! ரெண்டு பேருக்கும் ஒரே பேரா, கம்ப்யூட்டரு ஒங்களையும் இவளையும் ஒரே ஆளுன்னு நெனைச்சிருச்சு."

அத்தை தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னையும் இவளையுமா?"

"ஆமா அத்தே."

"கம்ப்யூட்டரா சொல்லுச்சு?"

"ஆமா அத்தே."

அத்தையின் முகத்தில் என்னவோ இளகியது. "ஏலே, செத்த பொறு. வண்டி வேண்டாம்."

மறுநாள் எங்கள் சேலைக்குப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். அடுத்த வாரமே நான் கடை வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் நம்பர் போட்டேன்.

அந்தக் குட்டி ஜாக்கெட் இன்னும் அத்தை பீரோவில் இருக்கிறது. பேத்திகள் வந்தால் விரித்துக் காட்டுகிறார்: "ஒங்கப்பன் கல்யாணத்தப்ப ஆச்சி இந்த சைசுதான். சந்தேகம்னா ஒங்க மாமாட்ட கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் பலமாகத் தலையாட்டுவேன். தங்கச்சி அந்த வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டாமா?