எழுந்திருக்காதே, உப்பு எங்கே என்று மட்டும் சொல்

தினமும் சமைப்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்களைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? நான் அறிமுகப்படுத்தப் போவது, மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, குளித்து, பவுடர் பூசி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ அணை திறக்கப் போகிற மந்திரியைப் போல அடுப்படிக்குள் நுழைகிற ஆண் இனத்தை. உங்களுக்கும் அவரைத் தெரியும். அவர் சாம்பார் வைக்க மாட்டார். ரசம் அவர் தகுதிக்குக் குறைவு. நாலு வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும். அவர் கை படும் பண்டம் அந்தத் தெருவில் யாரும் சாப்பிட்டிராததாக இருக்க வேண்டும். சாப்பிடும்போது நாலு பேர் பார்க்கவும் வேண்டும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்த இனத்துக்கு உதாரணமாக நல்லசாமியைக் காட்டலாம். சுரங்கத்தில் ஃபோர்மேன், பெர்மனென்ட், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். மனைவி சந்திரகலாவுக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு, டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் முழுக்க சந்திரகலாவுக்கு நைட் ஷிஃப்ட். ஞாயிறு இரவும் போயாக வேண்டும். அன்று காலை வீடு திரும்பிய அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது சாயங்காலம் வரை தூக்கம், வேறொன்றும் இல்லை.

அன்று அவர்களுடைய கல்யாண நாளும்கூட. அந்தத் தூக்கத்தையே பரிசாகத் தருவதாக நல்லசாமி அறிவித்தார்.

"நீ இன்னைக்குக் கிச்சன் பக்கமே வரக்கூடாது சந்திரா. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கையோடு, தன் ஷிஃப்ட்டில் வேலை பார்க்கும் ராஜேந்திரனையும் அவர் மனைவி மலர்கொடியையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பதையும் சொல்லிவைத்தார். பரிசு கொடுத்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டாமா?

சமையல், கரீபியன் தீவுகளின் பன்றிக்கறி. கறியை மசாலாவில் ஊறவைத்து, எண்ணெயில் சர்க்கரையைப் போட்டு நிறம் வரும்வரை உருக்கி, அதில் கறியைப் புரட்டி, மூடிபோட்டுச் சிறுதீயில் மணிக்கணக்காக வேகவிட வேண்டும். தொட்டுக்கொள்ளப் பொரித்த வாழைப்பழம். கடற்கரையில் நின்று ஒரு தாடிக்காரர் செய்து காட்டிய வீடியோவை நல்லசாமி வாரம் முழுக்கப் பார்த்துத் தேர்ச்சி பெற்றிருந்தார். மந்தாரக்குப்பம் தாண்டிப் போய்க் கறி வாங்கி, ஜவுளிக்கடைப் பைக்குள் மறைத்து, எதிர்வீட்டுக்காரர் கேட்டால் மட்டன் என்று சொல்லும் தயார்நிலையில் வீடு வந்து சேர்ந்தார்.

சந்திரகலா கண்ணை மூடியதும் அறைக்கதவு மெல்லத் திறந்தது. எழுந்திருக்க வேண்டாமாம், உப்பு எங்கே என்று மட்டும் சொன்னால் போதுமாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு அடுப்புக்கு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு பட்டை, பிறகு கிராம்பு, பிறகு இஞ்சி, பிறகு லைட்டர். லைட்டர் அவர் கையிலேயே இருந்தது. அதற்கும் பிறகு, "இந்த வூட்டுக் கத்தி ஏன் வெட்டவே மாட்டேங்குது?" என்று, யாரையும் பார்த்துக் கேட்காமல், படுக்கையறை வரை எட்டும் குரலில் ஒரு பொதுக்கேள்வி. இந்த இனம் உதவி கேட்பதே இல்லை, காற்றோடு பேசும். காற்று எழுந்து வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்கும்.

அடுத்து சர்க்கரை. பழுப்பு நிறம் வந்ததும் கறியைப் போட வேண்டும் என்பது தாடிக்காரரின் கட்டளை. பழுப்பு நிலக்கரியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதருக்குச் சர்க்கரையின் பழுப்பு பிடிபடவில்லை. வீடியோவை நிறுத்திப் பார்த்து நிமிர்வதற்குள் வாணலி கறுத்துப் புகைந்தது. வாணலியைத் தொட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். அதுவும் போயிற்று. மூன்றாவது வாணலியைத் தேடும் சத்தத்தில் சந்திரகலா எழுந்து வந்து, அரைத் தூக்கத்தில் சர்க்கரையைப் பக்குவமாக உருக்கிக் கறியைப் புரட்டி மூடினார். "அதேதான், அதேதான், நான் சொல்ல வந்ததும் அதேதான்" என்று நல்லசாமி மேற்பார்வை செய்தார்.

இனியாவது தூங்கலாம் என்று படுத்தவருக்குக் குப்பைக்கூடையின் சத்தம் கேட்டது. பொரிப்பதற்கென்று நல்லசாமி போன வாரம் மொந்தன் வாழைக்காய் வாங்கி அரிசி டிரம்முக்குள் பழுக்கப் போட்டிருந்தார். அதோடு மறந்தார். தினமும் அதைத் திருப்பிப் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? இன்று எடுத்துப் பார்த்தால் தோல் கன்னங்கரேல் என்றிருக்கிறது. அழுகிவிட்டது என்று தீர்ப்பளித்துக் கூடையில் போட்டுவிட்டு, கடையிலிருந்து ரஸ்தாளி வாங்கி வரச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது அழுகலைங்க, பழுத்துக்கினுதான் இருக்குது. உங்க தாடிக்காரரே கறுத்த பழம்தானே வச்சிருந்தாரு?"

சந்திரகலா கூடையிலிருந்து பழங்களை எடுத்துக் கழுவி, சாய்வாக நறுக்கி, ஒரு தட்டுக்குப் பொரித்தும் வைத்தார். மீதியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ராஜேந்திரனின் பைக் நின்றது.

சாப்பாடு பிரமாதம். கறி வாயில் கரைந்தது. ராஜேந்திரன் விரலை நக்கிக்கொண்டே, சார் மைன்ஸில் இருக்க வேண்டியவரே இல்லை என்றார். நல்லசாமி அடக்கமாகச் சிரித்து, சமையலில் பொறுமைதான் முக்கியம் என்று விளக்கினார். மலர்கொடி சந்திரகலா பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறாமையோடுதான், "நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்றார்.

சந்திரகலாவின் கண்கள் எரிந்தன. இன்னும் சில மணி நேரத்தில் வார்டில் நிற்க வேண்டும்.

"சார், இந்தக் கலர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் ராஜேந்திரன். நல்லசாமியின் பார்வை, காலையிலிருந்து போய்ப் பழகிய வழியிலேயே, மனைவியிடம் போயிற்று.

"என்னைக் கேட்டா எப்படிங்க? நான்தான் காலையிலேர்ந்து தூங்கினு இருந்தேனே" என்றார் சந்திரகலா. கையைக் கழுவினார். "மீதிப் பழத்தையும் அவரே பொரிப்பாரு. பக்கத்துல நின்னு பார்த்து, இருந்து சாப்பிட்டுப் போங்க."

அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நல்லசாமி அடுப்பைப் பற்றவைத்தார். விருந்தாளிகள் மரியாதையாகச் சூழ்ந்து நின்றார்கள். எண்ணெய் புகைந்தது. கதவருகே போய், எழுந்திருக்க வேண்டாம், தீயை எவ்வளவு வைக்க வேண்டும் என்று மட்டும் சொல் என்றார். கதவு பேசவில்லை. பழம் ஒரு பக்கம் கரியானது, கரண்டி கிடைக்கவில்லை. மலர்கொடி பழக்கத்தில் ஓரடி முன்னால் வைத்தவர், தாழிட்ட கதவைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, போய் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை மைன்ஸில் நல்லசாமி, கறி அற்புதம், பழம்தான் நல்ல பழமாக அமையவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். நல்லசாமி திருந்துவார் என்று எதிர்பார்த்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அப்படி இல்லைதான். உங்களுக்கு உப்பு இருக்கும் இடம் தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் இதற்காக எழுப்பாதீர்கள்.

எழுப்பிவிட்டீர்களா? அப்படியானால் இனிமேல் கேட்க வேண்டியதே இல்லை, பதில் கிடைத்துவிட்டது.